எந்த ஹரி?

தண்ணீர்த் தொட்டிக்கு வெட்டிய குழியை நான் பஸ் ஜன்னலிலிருந்துதான் முதலில் பார்த்தேன். தம்புள்ளைக்குப் போய்க் காய்கறி எடுத்துக்கொண்டு திரும்பும் வழி. காலடியில் இரண்டு சாக்கு, மடியில் தக்காளிப் பெட்டி. நாவுல டவுனைத் தாண்டி, எங்கள் சரிவு கண்ணில் படும் வளைவு வந்ததும் வழக்கம்போல் மேலே பார்த்தேன். சரிவின் உச்சியில், பலாமரத்துக்குப் பக்கத்தில் குழி இருக்கவேண்டும். அங்கே ஒன்றும் இல்லை. பாதிச் சரிவில், ஹாஜியாரின் மிளகுத் தோட்ட வேலியை ஒட்டிச் செம்மண் குவிந்து கிடந்தது.

"அதானே பார்த்தேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, தன் கைப்பையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

எனக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கூடப்பிறக்கவில்லை, தம்புள்ளையில் கற்றுக்கொண்டேன். பதினேழு வருடமாக ரோட்டோரத்தில் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். பெட்டியின் மேல் வரிசையில் சிரிக்கிற தக்காளியைப் பார்த்து நான் ஏமாந்ததில்லை. அடி வரைக்கும் கையை விட்டுப் பார்ப்பேன். வியாபாரிகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மனுஷர்களிடமும் அப்படித்தான் பழகிவிட்டது.

எங்கள் சரிவில் நாற்பதுக்குக் கொஞ்சம் கூட வீடுகள். தமிழ் ஆட்கள் பாதி, முஸ்லிம் ஆட்கள் பாதி, நடுவில் நாலைந்து சிங்களக் குடும்பம். எல்லோரும் எல்லோருடைய மொழியையும் ஏதோ ஒரு அளவுக்குப் பேசுவோம். தண்ணீர் மட்டும் யாருக்கும் கிடையாது. ரோட்டுக்குக் கீழே ஒரு பீலி, பாறை இடுக்கிலிருந்து மூங்கில் வழியாக விழும் ஊற்று. அங்கிருந்துதான் எல்லோரும் சுமக்கவேண்டும். ஒரு நிறுவனம் உதவி செய்ய முன்வந்தது: மேலே ஒரு தொட்டி, பீலியிலிருந்து அதற்கு ஒரு பம்ப், தொட்டியிலிருந்து வீட்டுக்கு வீடு குழாய். அதற்காக ஒரு குழு அமைத்தோம். தலைவர், மிளகு வியாபாரம் செய்யும் ஹாஜியார். செயலாளர், தமிழும் சிங்களமும் எழுதத் தெரிந்த காரணத்தால், நான்.

தொட்டி எங்கே என்பது மற்றவர்களுக்குச் சின்ன விஷயம். உச்சி வீட்டு அக்காவுக்கு அது வாழ்வா சாவா என்கிற விஷயம். அவர் தனியாக இருக்கிறார். போன வருடம் குடத்தோடு சரிவில் வழுக்கி விழுந்து, இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் நாளைக்கு இரண்டு நடை சுமக்கிறார். கொழும்பில் இருக்கும் மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்: இந்தக் கோடைக்குள் வீட்டுக்குக் குழாய் வராவிட்டால், வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிட வேண்டும். அக்காவுக்குக் கொழும்பு ஆகாது. அங்கே ஒரு வாரம் இருந்தாலே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று மகளே சொல்லியிருக்கிறாள். தொட்டி பலாமரத்தடியில் இருந்தால் அக்கா வீட்டுக்குத் தண்ணீர் தானாக இறங்கும். மிளகுத் தோட்டத்து வேலியடியில் இருந்தால் இறங்காது. தண்ணீர் மேலே ஏறாது என்பதற்குப் படிப்பு வேண்டாம்.

ஆகவே, என் கடைக்கு முன்னாலேயே பஸ்ஸை நிறுத்தி, சாக்குகளை இறக்கிப் போட்டுவிட்டு மேலே ஏறினேன். தொட்டி கட்டும் மேசன் குழிக்குள் நின்றான். இடுப்பளவுக்குத் தோண்டியிருந்தார்கள்.

"யாரு இங்க தோண்டச் சொன்னது?"

"டீ.ஓ. மாத்தயா சொன்னாங்க மிஸ். சனிக்கெழம கொங்கிறீட் போடுறோம்."

மாத்தயா என்றால் ஐயா. டீ.ஓ. என்றால் தொழில்நுட்ப உத்தியோகத்தர், திட்டத்தின் வரைபடம் அவர் கையில். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. கொங்கிறீட் விழுந்துவிட்டால் அப்புறம் அதை அசைக்க ஆளில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மிளகுக்கொடிகள் முள்முருங்கை மரங்களில் ஏறிக் கொழுகொழுவென்று நின்றன. அவற்றின்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஹாஜியாரின் கடை ரோட்டோரத்தில். உள்ளே நாலைந்து ஆட்கள் இருந்தார்கள். இருக்கட்டும் என்றுதான் போனேன்.

"ஹாஜியார், தொட்டி யாரக் கேட்டுக் கீழ வந்துச்சு?"

எல்லாப் பெண்களையும் மகள் என்றே கூப்பிடும் அவர், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "கூட்டத்துல முடிவாகின விஷயம்தானே மகள்."

"எந்தக் கூட்டம்? நான் இல்லாத கூட்டமா?"

"நீங்க இருந்த கூட்டம். நீங்கதானே எழுதின."

நான் எழுதினேனாம். எனக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. "யாருக்குக் காது குத்துறீங்க? மெளகுக்குத் தண்ணி விடத் தொட்டி வேணும்னா நேரா கேட்டிருக்கலாம். எங்களுக்குத் தண்ணி காட்ட வேண்டியதில்ல."

கடையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை. தராசில் இருந்த மிளகைப் பைக்குள் கொட்டி, வாயைக் கட்டி, வாங்க வந்தவரிடம் கொடுத்துவிட்டு, "கொப்பியப் பாருங்க மகள்" என்றார். அவ்வளவுதான். கையும் களவுமாகப் பிடிபட்ட ஆள் இவ்வளவு அமைதியாக இருக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. எப்படி நடிக்கிறார் பார் என்றுதான் தோன்றியது.

டீ.ஓ.வுக்குப் போன் எடுத்தேன். அவர் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார்: "குழு ஏற்றுக்கொண்டது, கூட்ட அறிக்கையின் படம் என் போனில் இருக்கிறது, அதை அனுப்பியது நீங்கள்தான் மிஸ்." அவரும் ஹாஜியாரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே மாதிரிப் பொய் சொல்கிறார்கள் என்று முடிவு செய்தேன். இரண்டு பேர் ஒரே மாதிரிச் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு இலேசில் வருவதில்லை.

கூட்டங்களை எழுதும் தடித்த நோட்டுப் புத்தகம், சீ.ஆர். கொப்பி, என் வீட்டு அலுமாரியில், நல்ல சேலைகளுக்கு அடியில் இருக்கும். வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு முந்திய கூட்டத்தின் பக்கத்தை எடுத்தேன். ஐந்தாவது விஷயம், ஒரே வரி:

"தொட்டி: மாற்று இடம் இரண்டு. ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது."

முதலில் பக்கத்தைச் சந்தேகப்பட்டேன். யாரோ வீட்டுக்குள் வந்து தாளைக் கிழித்து வேறு தாளைச் செருகியிருப்பார்கள். தையல் நூலைப் பார்த்தேன், அசையவில்லை. பிறகு எழுத்தைச் சந்தேகப்பட்டேன். என் எழுத்தைப் பழகி எழுதுவது கஷ்டமா என்ன? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு 'ற்று' எழுதும்போது கடைசிச் சுழி வரிக்குக் கீழே நீளமாக இழுபடும். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் இதற்காக அடி வாங்கியிருக்கிறேன். அந்த வரியில் அந்தச் சுழி இரண்டு இடத்தில் கீழே இழுபட்டிருந்தது.

கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நான்தான் எழுதியிருந்தேன். எப்போது எழுதினேன்?

மெல்ல ஞாபகம் வந்தது. அன்று பின்நேரம் நல்ல மழை. பொதுமண்டபத்துத் தகரக்கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. டீ.ஓ. எழுந்து சிங்களத்தில் பேசினார். பேசி முடித்ததும் எல்லோரும் "ஹரி, ஹரி" என்றார்கள். அவர் ஒரு துண்டுத் தாளை என்னிடம் நீட்டினார். அதில் இருந்ததை நான் தமிழாக்கிக் கொப்பியில் எழுதினேன். மாற்று இடம் இரண்டு என்றால் எந்த இடம் என்று கேட்கவில்லை. ஹரி என்று எல்லோரும் சொன்னதால், ஏகமனதாக என்றும் சேர்த்துக்கொண்டேன்.

இந்த 'ஹரி'யைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிங்களச் சொல். ஆனால் எங்கள் பக்கத்தில் யாருடைய வாயிலும் அது தன் வீட்டுச் சொல்லாகவே புழங்குகிறது. ஹரி என்றால் சரி. ஹரி என்றால் நீங்கள் பேசுவது காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள். ஹரி என்றால் போதும், முடியுங்கள், பஸ் போய்விடும். வியாபாரத்தில் ஹரி என்றால் விலை ஒத்துவரவில்லை, பிறகு பார்ப்போம். எங்கள் கோயில் ஐயர்கூட, பெருமாள் பெயர்தானே, சொல்லட்டும், புண்ணியம் என்பார். இத்தனை ஹரியில் எந்த ஹரியை அன்றைக்குச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. டீ.ஓ.வும் கேட்கவில்லை. அவர் நாவுலக்காரர், சிங்களவர். தன் மொழிச் சொல்லைத் தன் மொழிக்காரர் சொல்வதுபோல் எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு மொழியும் தெரியும் என்று நாற்காலியில் உட்கார்ந்தவள் நான்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதும் ஞாபகம் வந்தது. கதவோரத்தில் ஹாஜியாரும் மேசனும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். சீமெந்து விஷயமாக ஏதோ நடக்கப்போகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். காதும் கண்ணும் கதவில். கை மட்டும் கொப்பியில்.

அதற்கடுத்த கூட்டத்தில் இந்த அறிக்கையை வாசித்து உறுதி செய்திருக்கவேண்டும். எங்கள் குழுவில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. தலைவர், "வாசிச்சதா எடுத்துக்குவோமா?" என்பார். எல்லோரும் "ஹரி" என்பார்கள். கையெழுத்துகூட வாசலிலேயே வாங்கிவிடுவேன், பாதியில் எழுந்து போகிறவர்கள் இருப்பதால். "கையெழுத்த வச்சிட்டு உக்காருங்க" என்று சொல்வதே நான்தான். வரவுக்கு வைத்த கையெழுத்துத் தாளைப் பின்னால் அறிக்கையோடு சேர்த்துத் தைத்துவிடுவேன். வந்தேன் என்று வைத்த கையெழுத்து, சம்மதம் என்று வைத்த கையெழுத்தாகிவிடும்.

இத்தனைக்கும் என்னைப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். மாத்தளை டவுனில் ஒரு நாள் முழுக்க, திட்டங்களை நிர்வகிப்பது பற்றி. தலைப்பு, 'திட்ட முகாமைத்துவத்தில் நல்லாட்சி.' நல்லாட்சி என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஊரில் சிரிப்பார்கள். தேர்தல் மேடையில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன சொல். "நல்லாட்சி படிக்கப் போறீங்களா மிஸ், வரும்போது கொஞ்சம் வாங்கிட்டு வாங்க" என்று பஸ் கொண்டக்டர்கூடக் கிண்டல் செய்தான். பயிற்சியில் பெரிய தாளில் பெட்டிகள் வரைந்தார்கள். யார் முடிவெடுப்பது, யார் செய்வது, யாரிடம் கேட்பது, யாருக்குச் சொல்வது. இதெல்லாம் திருடர்களைப் பிடிக்கும் வழி என்று நான் எடுத்துக்கொண்டேன். நாலு பெட்டியிலும் ஹாஜியாரைப் போட்டுப் பார்த்தேன். என்னை ஒரு பெட்டியிலும் போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அக்கா வீட்டுக்கு ஏறினேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"வா புள்ள. தேத்தண்ணி குடிக்கிறியா?"

"வேணாக்கா. இருக்குற தண்ணிய வச்சுக்குங்க."

உள்ளே கட்டிலின்மேல் ஒரு பயணப் பை திறந்து கிடந்தது. இரண்டு மூன்று சேலை மடித்து வைத்திருந்தார். மகள் நெருக்குகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "தொட்டி விஷயம் பாத்துக்கிட்டு இருக்கேன்க்கா, நீங்க அவசரப்பட வேணாம்" என்றேன். அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "ஹரி புள்ள" என்றார். அது எந்த ஹரி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் தவறு என்று சொல்லவும் வாய் வரவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம், குழுவின் விதிகளை எழுதிய யாப்பின்படி, தலைவருக்குத்தான். அதனால், முதல் நாள் நாலு பேர் முன்னால் கள்ளன் என்று சொல்லாத குறையாகத் திட்டிய ஆளிடம் போய் நிற்கவேண்டியதாயிற்று. கடை வாசலில் இரண்டு தரம் முன்னும் பின்னும் நடந்தேன். அவர் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"கொப்பியப் பாத்தீங்களா மகள்?"

"பாத்தேன். அவசரமா ஒரு கூட்டம் வைக்கணும்."

"வெள்ளிக்கெழம ஜும்ஆத் தொழுக முடிஞ்ச பொறகு வைக்கலாம், இன்ஷா அல்லாஹ்."

வெள்ளி பின்நேரம் கூட்டம், சனி காலையில் கொங்கிறீட். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று உள்ளுக்குள் ஓடியது. முகத்தில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"நாளைக்கு டீ.ஓ. மாத்தயாக்கு வில்கமுவயில வேல. அவர் வரல்லண்டா கூட்டம் வச்சு என்னத்துக்கு? நீங்களே கேட்டுப் பாருங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்டு செல்லுறேன். அந்தப் பக்கத்த நீங்களே எல்லாருக்கும் முன்னால வாசிக்கோணும். நான் வாசிச்சா ஹாஜியார் பொய் செல்லுறார் எண்டுதான் செல்வீங்க."

டீ.ஓ.வுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். உண்மையிலேயே வில்கமுவதான். கேட்காமல் இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. கடையில் நான் போட்ட சண்டை சரிவு முழுக்கப் பரவியிருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். அக்கா கடைசி வாங்குப் பலகையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒருவரிடமும் கையெழுத்து வாங்காமல் உள்ளே விட்டேன். "என்ன மிஸ், கையெழுத்து வேணாமா?" என்று பயந்தே போனார்கள் சிலர்.

அந்த வரியைத் தமிழில் வாசித்தேன், சிங்களத்தில் வாசித்தேன். பிறகு, மாற்று இடம் இரண்டு என்றால் டீ.ஓ.வின் பட்டியலில் இரண்டாம் எண் இட்ட ஹாஜியாரின் வேலியடி என்றும், அங்கே தொட்டி வந்தால் உச்சி வீட்டுக்குத் தண்ணீர் போகாது என்றும் சொன்னேன். மண்டபத்தில் ஒரு முனகல் எழுந்தது. பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இத எழுதுனது நான். மாத்தயா சொன்னத நான் கவனிக்கல. நீங்க ஹரின்னு சொன்னத, ஒத்துக்கிட்டதா நானே எழுதிட்டேன். ஹாஜியார் மேல நான் போட்ட பழி தப்பு."

கோபத்தில் எழுந்து பேசிப் பழக்கம் உண்டு. வெட்கத்தோடு பேசுவது எனக்குப் புதிது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "மிஸ் வாங்கிட்டு வந்த நல்லாட்சி இதுதானா?" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

"இன்னைக்கு ஒரு சட்டம்" என்றேன். "யாரும் ஹரின்னு சொல்லக்கூடாது. தொட்டி எங்க வருது, யாரு வீட்டுக்குத் தண்ணி போகும், போகாது, ஒத்துக்குறீங்களா இல்லையா, உங்க வாயால முழுசா சொல்லணும்."

"ஹரி மிஸ்" என்றார் முன்வரிசைத் தாத்தா. மறுபடியும் சிரிப்பு.

டீ.ஓ. எழுந்து, இந்தத் தடவை வரிக்கு வரி நான் தமிழில் சொல்ல, காரணத்தைச் சொன்னார். பலாமரத்தடியில் பாறை. அலவாங்கு என்கிற கடப்பாரை இரண்டடிக்கு மேல் இறங்கவில்லை. வெடிவைக்க அனுமதி கிடைக்காது. ஆகவேதான் கீழே வந்தது.

"எத்தன எடத்துல குத்திப் பாத்தீங்க மாத்தயா?" என்று கேட்டேன். அடங்கியிருந்த சந்தேகம் தலை தூக்கியது.

அவர் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். ஒரு இடம், என்றார்.

"ஒரே ஒரு எடம்?"

"ஒரே ஒரு இடம்தான் மிஸ். வரைபடத்தில் குறித்த இடம். மாற்றுவதா என்று கூட்டத்தில் கேட்டேன். வேறு இடம் பாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை."

இதை நான் தமிழில் சொன்னபோது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

கூட்டம் அப்படியே எழுந்து சரிவில் ஏறியது. மேசன் அலவாங்கோடு முன்னால் போனான். பலாமரத்தைச் சுற்றிக் குத்தினான். ணங். இந்தப் பக்கம், ணங். அந்தப் பக்கம், ணங். ஹாஜியார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் சந்தோஷம் தெரிகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டு ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, பழக்கம் விடவில்லை. ஆறாவதோ ஏழாவதோ இடம், அக்காவின் வீட்டுக்குப் பின்னால், பழைய மரவள்ளி வெட்டிய பாத்தி. அலவாங்கு சத்தமில்லாமல் கைப்பிடி வரைக்கும் இறங்கியது. மேசன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

டீ.ஓ. தண்ணீர் நிரப்பிய குழாயைப் பிடித்து மட்டம் பார்த்தார். அக்காவின் அடுப்படியைவிட ஓர் ஆள் உயரம் மேலே. வேகமாக வராது, ஆனால் வரும் என்றார்.

அங்கேயே, பாத்தி வரப்பில் உட்கார்ந்து எழுதினேன். எழுதியதை இரண்டு மொழியிலும் உரக்க வாசித்தேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொன்னார்கள். ஹாஜியார் முறை வந்தபோது, "தொட்டி இங்க வாறதுக்கு எனக்குச் சம்மதம், கீழ வெட்டின குழிய மூடித் தரோணும்" என்றார். நான் பேனையை எடுக்குமுன், "இன்னும் ஒண்டு இரிக்கி" என்றார். "தொட்டி நெறஞ்சு வழியிற தண்ணி வீணாத்தானே போற. அந்தக் குழாய என்ட வேலிப் பக்கமா எறக்கினா நல்லம். மெளகுக்கு."

அதானே பார்த்தேன். ஆக, மிளகு அவர் மனதில் இல்லாமல் இல்லை. ஆனால் இந்தத் தடவை எல்லோர் முன்னாலும் கேட்டார். நாலு பேர் யோசித்து, கோடையில் கிடையாது, மழைக்காலத்தில் மட்டும் என்று சொன்னார்கள். அவரும் ஒத்துக்கொண்டார். அதை அவர் கேட்டதாகவே எழுதினேன். இரண்டு தரம் வாசித்துக் காட்டச் சொன்னார். என்மேல் அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. வரட்டும், நல்லதுதான்.

இறங்கி வரும்போது ஒன்று கேட்டேன். "அன்னைக்கி மழையில கதவுக்கிட்ட மேசனும் நீங்களும் என்ன ரகசியம் பேசுனீங்க?"

"அவனுக்குப் பல்லு வலி மகள். லீவு கேட்டான்."

மேசன் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

தொட்டி கட்டி முடிந்து, கோடை பிறக்குமுன் குழாய்கள் வந்துவிட்டன. உச்சி வீட்டுக் குழாயைத் திறக்க நானும் போனேன். மகளும் கொழும்பிலிருந்து வந்திருந்தாள், இனி அழைத்துப்போக முடியாது என்று பொய்க்கோபத்தோடு. குழாய் இருமி இருமிக் காற்றைத் துப்பியது. பிறகு பென்சில் தடிப்பில் தண்ணீர் வந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு குடத்தை அடியில் வைத்தார். நிறைய நேரமெடுக்கும் போலிருந்தது. மகள் தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

எனக்கு ஒரு கேள்வி ரொம்ப நாளாக இருந்தது. அக்கா சின்ன வயதில் பத்து வருடம் கண்டியில் ஒரு சிங்கள வீட்டில் வேலை செய்தவர். அவருக்கு வருகிற சிங்களம் எனக்கு வராது.

"அக்கா, அன்னைக்கி மழையில மாத்தயா பேசுனது உங்களுக்கு வெளங்கலையா?"

"வெளங்குச்சே. ஹாஜியார் வேலியடிக்குத் தொட்டி எறங்குதுன்னாரு."

"உங்க வீட்டுக்குத் தண்ணி வராதுன்னு தெரிஞ்சுமா ஹரின்னு சொன்னீங்க?"

அக்கா குடத்துக்குள் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எந்திரிச்சுக் கேக்கத்தான் நெனச்சேன். ஒன்னயப் பாத்தேன். நீ பாட்டுக்கு எழுதிக்கிட்டு இருந்த. இந்தச் சரிவுல யாரையும் நம்பாத ஆளு நீ ஒருத்திதான். நீயே வாயத் தொறக்காம எழுதுறீன்னா, வேற வழியில்லாமத்தான் இருக்கும்னு நெனச்சேன். அன்னைக்கே மகளுக்குப் போன் பண்ணி, வந்துடுறேன்னு சொல்லிட்டேன். பையையும் எடுத்து வச்சிட்டேன்."

குடம் நிறைந்து வழிந்தது. எல்லோரும் சொல்லும் அந்த ஒரே ஒரு சொல்தான் எனக்கு வாயில் வந்தது. அதைச் சொல்லாமல் குழாயை மூடினேன். குடத்தைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.